ரெண்டு டொமாட்டிலோ செடி, தினம் பத்து பதினஞ்சு பூ, ஒரு காய் கூட இல்ல

புதுமண்:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்த ஆளு நான், இன்னைக்கு வாயத் தொறந்தே ஆகணும்ங்கற நிலைமை. வீட்டுத் தோட்டத்துல முதல் தடவையா டொமாட்டிலோ வச்சிருக்கேன், அதாங்க மெக்ஸிகோ பக்கம் பச்சை சால்சான்னு ஒரு சட்னி பண்ணுவாங்களே, காகிதம் மாதிரி ஒரு உறைக்குள்ள பச்சைக் காய் ஒளிஞ்சிட்டு இருக்குமே, அது. செடி வளந்ததுல ஒரு குறையும் சொல்ல முடியாது, இடுப்பளவு வந்துட்டு அப்புறம் நாலு பக்கமும் சாஞ்சு படர்ந்து நடக்குற வழிய மறிச்சிட்டு நிக்குது. மஞ்சப் பூ, நடுவுல காப்பிப்பொடி கலர்ல திட்டு, ஒரு நாளைக்கு பத்து பதினஞ்சு பூக்குது. ஆனா மூணு நாலு நாள் இருந்துட்டு காம்போட சேர்ந்து விழுந்துடுது. அஞ்சு வாரமா இதே கதை, தினம் காலைல போய் கீழ கெடக்குற பூவப் பெருக்குறதுதான் என் தோட்ட வேலையே.

ஒத்தச் செடி வச்சா காய்க்காது, ரெண்டு வேணும்னு எங்கயோ படிச்சேன், அதனால ரெண்டு செடி இருக்கு, ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருபது லிட்டர் தொட்டியில, அதுல தப்பு இல்ல. வெயில் எட்டு மணி நேரம் விழுது. பகல்ல 28, 30 டிகிரி. தேனீயும் வருது, என் கண்ணால பாக்குறேன். அதே மண்ணு, அதே தண்ணி, பக்கத்துல நிக்குற தக்காளிச் செடி மட்டும் கொத்துக் கொத்தா காய்ச்சு என்னப் பாத்து சிரிக்குது. என்ன தப்பு பண்றேன்னு யாராச்சும் சொல்லுங்க. அப்படியே, காய் வந்தா (வந்தா!) எப்ப பறிக்கணும் எப்படி சமைக்கணும்னும் சொன்னா நல்லாருக்கும், ஆசைப்பட்டு வச்சது அதுக்குத்தான்.

சும்மாவந்தேன்:

பூவ தட்டி விட்டுப் பாருங்க. நான் தக்காளிக்கு அப்படித்தான் பண்ணுவேன், காலைல ஒரு குச்சி எடுத்து பூக்காம்ப லேசா தட்டுவேன், இல்லன்னா பழைய எலக்ட்ரிக் டூத் பிரஷ்ஷ பின்பக்கமா வச்சு ரெண்டு செகண்ட் ஓட்டுவேன், மகரந்தம் பொலபொலன்னு கொட்டி காய் பிடிச்சிடும். கூடவே எப்சம் சால்ட் ஒரு ஸ்பூன் தண்ணில கரைச்சு ஊத்துங்க. டொமாட்டிலோவும் தக்காளி ஜாதிதானே, ரெண்டுக்கும் ஒரே வைத்தியம்தான்.

வேர்க்கால்:

சும்மாவந்தேன், தக்காளிக்கு தட்டுறது சரி. தக்காளிப் பூ தன் மகரந்தத்தையே தான் எடுத்துக்கும், ஒரு பூவுக்குள்ளயே வேலை முடிஞ்சிடும், அத உதிர வைக்கத்தான் நீங்க தட்டுறீங்க. டொமாட்டிலோ குடும்பம் ஒண்ணுதான், குணம் வேற. தன் மகரந்தத்த அது ஏத்துக்கவே ஏத்துக்காது. நாள் பூரா தட்டினாலும் பூதான் விழும். எப்சம் சால்ட் மெக்னீசியம் குறைஞ்ச மண்ணுக்கு போடுறது, காய் பிடிக்காததுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, எதுக்கெடுத்தாலும் எப்சம் சால்ட்னு சொல்ற இந்தப் பழக்கம் எங்கேருந்து வந்துச்சோ தெரியல.

புதுமண், நீங்க சொன்னதுல எல்லாமே சரியாத்தான் இருக்கு, வெப்பம் உட்பட. ஒரே ஒரு கேள்வி. அந்த ரெண்டு செடியும் ரெண்டு தனித்தனி விதையில வந்ததா?

புதுமண்:

இல்லைங்க... விதை போட்டதுல நாலு முளைச்சுது, மூணு நாத்துலயே போயிடுச்சு, நத்தை வேலை. மிச்சம் ஒண்ணுதான். அது முழங்கால் உயரம் இருக்கும்போது காத்துல ஒரு பக்கக் கிளை ஒடிஞ்சுது, தூக்கிப் போட மனசு வரல, கிளாஸ்ல தண்ணி ஊத்தி வச்சேன், பத்து நாள்ல பொசுபொசுன்னு வேர் விட்டுருச்சு. அடடே ரெண்டாவது செடி ஓசியில கிடைச்சுதேன்னு தொட்டியில வச்சுட்டேன். ஏன் கேக்குறீங்க? எனக்கு இப்பவே வயித்தக் கலக்குது.

வேர்க்கால்:

கலக்கட்டும், காரணம் அதான். உங்க கிட்ட இருக்கறது ரெண்டு செடி இல்ல, ஒரே செடி ரெண்டு தொட்டியில நிக்குது.

கொஞ்சம் விளக்கமா சொல்றேன். டொமாட்டிலோவுல மகரந்தம் சூல்முடியில விழுந்ததும் ஒரு அடையாளச் சோதனை நடக்கும். மகரந்தத்துல இருக்குற குறிப்பிட்ட சில மரபணுவும் பூவுல இருக்குற அதே மரபணுவும் ஒத்துப் போச்சுன்னா, 'இது நம்ம ஆளுதான்'னு தெரிஞ்சுகிட்டு மகரந்தக் குழாய் உள்ள இறங்குறத பூவே தடுத்துடும். கரு உண்டாகாது, பூ உதிர்ந்துடும். இதுக்கு சுய ஒவ்வாமைன்னு பேரு. காட்டுத் தக்காளி இனங்கள் நிறைய இன்னும் இப்படித்தான் இருக்கு, நாம வளக்குற தக்காளி மட்டும் அந்தப் பழக்கத்த விட்டுடுச்சு. ஒடிச்சு நட்ட கிளைங்கறது தாய்ச்செடியோட அச்சு அசல் நகல், மரபணு ஒரு எழுத்து மாறாது. அதனால தேனீ ஒரு தொட்டியிலேந்து இன்னொரு தொட்டிக்கு எவ்வளவு சுமந்தாலும் கணக்குல அது சொந்த மகரந்தம்தான்.

விதை வேற. ஒரே பாக்கெட்டு ஏன் ஒரே பழத்துலேந்து எடுத்த விதையா இருந்தா கூட ஒவ்வொண்ணும் வேற கலவை, கூடப்பொறந்தவங்க மாதிரி, ஜாடை இருக்கும் ஆனா ஒரே ஆள் இல்ல. பெரும்பாலும் ஒண்ணோட ஒண்ணு சேரும். அதனாலதான் 'ரெண்டு செடி'ன்னு சொல்றாங்க, ரெண்டு விதைன்னு சொல்லியிருந்தா உங்களுக்கு இந்த அஞ்சு வாரம் மிச்சமாயிருக்கும். நான் எப்பவும் மூணு வைப்பேன், ஒண்ணு போனாலும் ரெண்டு நிக்கும்.

சும்மாவந்தேன்:

சரி நான் சொன்னது தப்பு, ஒத்துக்கறேன். ஆனா ஒரு சந்தேகம், எங்கிட்ட கேப் கூஸ்பெர்ரி ஒரே ஒரு செடி இருக்கு, அதுவும் இதே மாதிரி உறைக்குள்ளதான் காய்க்குது, வருஷா வருஷம் கூடை கூடையா தருதே? அதுக்கு ஜோடி தேவையில்லையா?

வேர்க்கால்:

தேவையில்ல. ரெண்டும் ஃபைசாலிஸ்னு ஒரே பேரினம், அதுல இந்த காகிதக் கூடு எல்லாருக்கும் பொது, ஆனா கேப் கூஸ்பெர்ரி, கிரவுண்ட் செர்ரி எல்லாம் தனியாவே காய்க்கும். வேலியோரம் தானா முளைக்குற சொடக்குத் தக்காளியும் இதே பேரினம்தான், நெத்தியில வச்சு டப்புனு உடைப்போமே அது. டொமாட்டிலோதான் இந்த ஆட்டத்துக்கு வரமாட்டேங்குது. நல்ல கேள்விதான், இந்தக் குழப்பத்தாலயே நிறைய பேரு ஒத்தச் செடிய வச்சுட்டு ஏமாந்து போறாங்க.

தேனீவழி:

புதுமண், மனச விட்றாதீங்க, செடியப் புடுங்கியும் போட்றாதீங்க. டொமாட்டிலோ ஒரு தடவ பூத்துட்டு ஓய்ஞ்சு போற செடி இல்ல, பனி விழுற வரைக்கும் பூத்துக்கிட்டே இருக்கும். உங்க கையில விதை மிச்சம் இருந்தா இன்னைக்கே போடுங்க. மண்ணு கதகதப்பா 21லேந்து 27 டிகிரி இருந்தா ஒரு வாரம் பத்து நாள்ல முளைச்சிடும். நாத்து பெரிய தொட்டிக்கு மாத்தும்போது தண்டுல முக்கால்வாசிய மண்ணுக்குள்ள பொதைச்சிடுங்க, கீழ் இலையக் கிள்ளிட்டு. தக்காளி மாதிரியே பொதைஞ்ச தண்டுல வேர் விடும், செடி சாயாது. இந்தத் தடவ நத்தைக்கு ஏதாவது ஏற்பாடு பண்ணுங்க தாயே, பிளாஸ்டிக் பாட்டில வெட்டி நாத்து மேல கவுத்து வச்சாலே போதும்.

புது செடி பூக்க ஆரம்பிச்சதும் தேனீய மட்டும் நம்பாம கையாலயும் ஒரு வாரம் உதவி பண்ணுங்க. சின்ன மென்மையான பெயிண்ட் பிரஷ், காலைல பூ நல்லா விரிஞ்சதும் புது செடிப் பூவுல நாலு சுத்து சுத்தி பழைய செடிப் பூவுல தடவுங்க, அப்புறம் அதே மாதிரி திருப்பி. ஒரே செடியில இருக்குற ரெண்டு பூவுக்குள்ள மாத்திக்கறது வீண். முக்கியமா அந்த கிளை நட்ட செடியையும் பழைய செடியையும் நீங்க எவ்வளவு தடவினாலும் ஒண்ணும் நடக்காது, அத மறந்துடாதீங்க. புது செடி ஒண்ணே ஒண்ணு வந்தா கூட போதும், உங்க பழைய ரெண்டு தொட்டியும் சேர்ந்து காய்க்கும்.

இன்னொண்ணு, உரம் என்ன போடுறீங்க? வழிய மறிக்குற அளவுக்கு இலை இருக்குன்னா நைட்ரஜன் கூடிப் போச்சோன்னு தோணுது. கொஞ்ச நாளைக்கு உரத்த நிறுத்துங்க, சுகவாசியா வச்சா இந்தச் செடி இலையாத்தான் போடும். வெயில் 32, 35 டிகிரிய தாண்டுற நாள்ல ஜோடி இருந்தாலும் பூ கொட்டும், அதுக்கு பயப்படாதீங்க, சூடு தணிஞ்சா திரும்ப பிடிக்கும்.

புதுமண்:

ஓசியில செடி கிடைச்சுதுன்னு குதிச்சேனே. பாக்கெட்டுல ஏழு விதை மிச்சம் இருந்துச்சு, ஏழையும் போட்டுட்டேன். பாட்டில் தொப்பியும் ரெடி. உரம் நீங்க சந்தேகப்பட்ட மாதிரியேதான், வாரா வாரம் மாட்டுச்சாணத் தண்ணி ஊத்திட்டு இருந்தேன், நிறுத்திட்டேன். பாத்துட்டு வந்து சொல்றேன்.

புதுமண் (ரெண்டு மாசம் கழிச்சு):

திரும்பி வந்துட்டேன். ஏழுல அஞ்சு முளைச்சுது, நத்தை தோத்துப் போச்சு, மூணு வச்சுகிட்டு ரெண்ட தெரிஞ்சவங்களுக்கு குடுத்துட்டேன் (ரெண்டா குடுத்தேன், பாடம் கத்துகிட்டேன்ல). முதல் பூ வந்த அன்னைக்கே பிரஷ்ஷோட போய் நின்னேன், வீட்ல எல்லாரும் என்ன ஒரு மாதிரி பாக்குறாங்க. பத்தாவது நாள்... கூடு! குட்டி குட்டியா பச்சை விளக்கு மாதிரி தொங்குது, பழைய செடியில மட்டும் இருபத்திரெண்டு எண்ணினேன், கிளைய ஒடிச்சு வச்ச அந்த நகல் செடியிலயும் இருக்கு.

ஆனா பிரச்சினை தீரல. இப்ப கூடு எல்லாம் நல்லா பெருசாயிடுச்சு, விரலால அமுக்கிப் பாத்தா உள்ள காத்துதான், காலி. ஒண்ண பிரிச்சே பாத்துட்டேன், பொறுக்க முடியல, உள்ள பட்டாணி சைஸ்ல ஒரு பச்சை உருண்டை அவ்ளோதான். இதுவும் வெத்துக் கூடா?

வேர்க்கால்:

அய்யோ பிரிக்காதீங்க! அது வெத்துக் கூடு இல்ல, அதுதான் முறை. அந்தக் கூடு பூவோட புல்லி இதழ்கள் ஒண்ணா சேர்ந்து ஊதி வந்தது. அது முதல்ல முழு சைஸுக்கு வளந்துடும், காய் உள்ள மெதுவா வளந்து அந்த இடத்த நிரப்பும். வீட்டக் கட்டி முடிச்சுட்டு குடி வர்ற மாதிரி. பட்டாணி சைஸ் உருண்டை இருந்துச்சுன்னா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். இன்னும் ஒரு மூணு நாலு வாரம் பொறுங்க.

பொறுமைன்னு சொன்னதும் ஞாபகம் வருது, அர்ஜென்டினாவுல பட்டகோனியா பக்கம் லகுனா டெல் ஹுன்கோன்னு ஒரு இடத்துல இந்தக் கூட்டோட புதைபடிவம் கிடைச்சிருக்கு, 5.2 கோடி வருஷம் பழசு, உள்ள இருந்த காய் நிலக்கரியாவே மாறிப் போயிருக்கு. 2017ல சயின்ஸ் இதழ்ல வந்துச்சு, ஃபைசாலிஸ் இன்ஃபினிமுண்டின்னு பேரு வச்சாங்க, 'உலகத்தோட கடைக்கோடியில'ன்னு அர்த்தம். அதோட ஒப்பிட்டா உங்க மூணு வாரம் ஒண்ணுமே இல்ல.

எப்ப பறிக்கறதுன்னு முதல்லயே கேட்டிருந்தீங்க. கூட்ட தொட்டா உள்ள காய் இறுக்கமா நிரம்பியிருக்கணும். கூடு காய்ஞ்சு பழுப்பாகி அடியில கிழிய ஆரம்பிச்சா சரியான நேரம், காய் அப்ப பச்சையா கல்லு மாதிரி இருக்கணும். மஞ்சளா மாற விட்டா புளிப்பு போய் ஒரு மந்தமான இனிப்பு வரும், சால்சாவுக்கு லாயக்கில்ல. தானா கீழ விழுந்தத தாராளமா எடுத்துக்கலாம், அது மேல உறை இருக்கே, மண்ணு ஒட்டாது.

பச்சைச்சால்சா:

இத்தன நாள் ஓரமா உக்காந்து படிச்சிட்டு இருந்தேன், சமையல் பேச்சு வரட்டும்னு. புதுமண், காய் பறிச்சதும் கூட்டோடயே காகிதப் பையில போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க, ரெண்டு மூணு வாரம் தாங்கும். பிளாஸ்டிக் பை வேண்டாம், வேர்த்து அழுகும். நிறைய வந்துச்சுன்னா உறைய உரிச்சு கழுவி துடைச்சு முழுசா ஃப்ரீசர்ல போட்டுடுங்க, வெட்ட கூட வேண்டாம், அப்புறம் சமைக்கத்தானே போறோம்.

பேரப் பத்தி ஒரு சின்ன விஷயம். மெக்ஸிகோவோட நடுப்பகுதியில 'தொமாதே'ன்னு கேட்டா இந்தப் பச்சைக் காயத்தான் எடுத்துத் தருவாங்க. நம்ம சிவப்புத் தக்காளிக்கு அங்க 'ஹிதொமாதே'ன்னு பேரு. ரெண்டும் அந்த ஊர்ப் பூர்வீக மொழியான நாவாட்ல்ல தொமாட்ல், ஷிதொமாட்ல்னு இருந்தது. ஸ்பெயின் காரங்க கடல் தாண்டி கொண்டு போனது சிவப்ப, ஒட்டிகிட்டுப் போன பேரு பச்சையோடது. இப்ப ஊரெல்லாம் தக்காளிக்கு டொமாட்டோன்னு சொல்லுது, பேரப் பறிகொடுத்த இது 'குட்டித் தக்காளி'ங்கற அர்த்தத்துல டொமாட்டிலோ ஆயிடுச்சு. அநியாயம்தானே.

புதுமண்:

அநியாயம்தான்! சரி, நேத்து முதல் அறுவடை, பதினாறு காய், அரை கிலோவுக்கு கொஞ்சம் கூட. உடனே சால்சா பண்ணினேன். உறைய உரிச்சு, நாலா வெட்டி, வெங்காயம் பூண்டு பச்சமிளகாயோட வாணலில போட்டு நல்லா கருகுற வரைக்கும் வதக்கி மிக்ஸில அடிச்சேன். சூடா இருக்கும்போதே ருசி பாத்தேன், லேசா கசப்பு, புளிப்பு தூக்கலா மண்டைக்கு ஏறுது. ஃப்ரிட்ஜ்ல வச்சு காலைல பாத்தா அல்வா மாதிரி கெட்டியாகி ஸ்பூன் நிக்குது, கலரும் கண்ணப் பறிக்குற பச்சையா இல்லாம சேறு மாதிரி ஆயிடுச்சு. கெட்டுப் போச்சா? தூக்கிப் போடவா? ரெண்டு சீசன் உழைப்பு அது.

பச்சைச்சால்சா:

தூக்கிப் போட்றாதீங்க, ஒண்ணும் கெடல. ஒவ்வொண்ணா வரேன்.

கெட்டியானதுக்கு காரணம் பெக்டின், ஜாம உறைய வைக்குமே அதே சரக்கு. டொமாட்டிலோவுல அது எக்கச்சக்கம், ஆறினா உறையத்தான் செய்யும். கால் டம்ளர் தண்ணி விட்டு கலக்குங்க, பழையபடி ஓடும், எல்லாருமே அப்படித்தான் பண்றாங்க. நீங்க காய நாலா வெட்டி ரொம்ப நேரம் வதக்கினதால தண்ணியெல்லாம் வத்தி இன்னும் கெட்டியாயிருக்கும்.

கசப்பு. உறைய உரிச்சதும் காய் மேல பிசுபிசுன்னு ஒண்ணு கையில ஒட்டிச்சா? அத கழுவாம போட்டிருப்பீங்க. வித்தனோலைடுன்னு ஒரு வகைப் பொருள் அதுல இருக்கு, பூச்சிய விரட்ட செடி பூசிக்கறது. நமக்கு கெடுதல் இல்ல ஆனா கசக்கும். வெதுவெதுப்பான தண்ணியில விரலால தேய்ச்சா போயிடும், பச்சத் தண்ணிக்கு அவ்வளவு லேசுல போகாது. ரெண்டாவது சந்தேகம் பூண்டு. காய்க்கு ஈடா பூண்டையும் கருக விட்டிருந்தா கசப்பு அங்கேருந்துதான். பூண்ட எப்பவும் தோலோட வாட்டணும், தோலு கருகட்டும், உள்ள வெந்துடும்.

கலர் போனது மட்டும் நம்ம கையில இல்ல. பச்சை நிறமியோட நடுவுல ஒரு மெக்னீசியம் உக்காந்திருக்கும், புளிப்பும் சூடும் சேர்ந்தா அது கழண்டு போய் ஆலிவ் கலர் ஆயிடும். (சும்மாவந்தேன் உடனே எப்சம் சால்ட்ட தூக்கிட்டு வராதீங்க.) பச்சையாவே வேணும்னா கடைசில கொத்தமல்லிய நிறைய போட்டு அடிங்க, அது கொஞ்சம் மானத்தக் காப்பாத்தும்.

இனி நான் பண்ற முறை. அரை கிலோ காய், உரிச்சு கழுவி, வெட்டாம முழுசா. நல்ல கனமான இரும்பு வாணலிய எண்ணெயே இல்லாம காய வச்சு காய உருட்டி விடுவேன், இல்ல ஓவன்ல மேல் கம்பி சூட்டுல தட்டுல பரப்பி ஒரு பக்கம் அஞ்சாறு நிமிஷம் அப்புறம் திருப்பி அஞ்சாறு நிமிஷம். அங்கங்க கருப்புப் புள்ளி விழுந்து, காய் தொளதொளன்னு ஆகி, வெடிக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கும் பாருங்க, அப்ப எடுத்துடணும். கசிஞ்ச சாறு தட்டுல நிக்கும், அத ஊத்திடாதீங்க, ருசியே அதுலதான். கூடவே ரெண்டு மிளகாய், தோலோட ரெண்டு பல் பூண்டு வாட்டிக்கணும். மெக்ஸிகோல செரானோ மிளகாய் போடுவாங்க, காரமான எந்தப் பச்ச மிளகாயும் சரிதான். ஆறினதும் மொத்தமா மிக்ஸியில, உப்பு போட்டு, நைசா அடிக்காம விட்டு விட்டு நாலு சுத்து. வெங்காயத்த மட்டும் நான் அடிக்க மாட்டேன், பொடியா அரிஞ்சு தண்ணில அலசி மேல கலந்துப்பேன், வெங்காயம் அடிச்சா அரை மணி நேரத்துல ஒரு வாடை வருது. கல் உரல்ல இடிச்சா இன்னும் நல்லாருக்கும், அவங்க மோல்காஹேத்தேன்னு எரிமலைக் கல்லுல செஞ்சு வச்சிருக்காங்க, நான் ஒரு தடவ இடிச்சுட்டு மிக்ஸிக்கே திரும்பிட்டேன்.

புளிப்பு தூக்கலா இருந்தா ஒரு சிட்டிகை சர்க்கரை. சின்னக் காய், உள்ள நிரம்பாம பறிச்சதுன்னா புளிப்பு ஜாஸ்தியாத்தான் இருக்கும், அவசரப்பட்டு பறிச்சீங்களோ?

புதுமண்:

பிசுபிசுப்பா? ஆமாங்க, அது என் கையெல்லாம் ஒட்டிச்சு, ஏதோ செடிப் பால்னு விட்டுட்டேன். பூண்டும் கருகுச்சு. அவசரப்பட்டும் பறிச்சேன், பதினாறுல ஆறு காய் கூட்டுக்குள்ள லொடலொடன்னு ஆடிட்டுதான் இருந்துச்சு. இப்படி ஒண்ணு விடாம எல்லாத்தையும் கண்டுபிடிச்சா எப்படி.

தேனீவழி:

வதக்காம வேக வைக்கறதும் உண்டு, அத யாரும் சொல்லல. தண்ணில போட்டு லேசான கொதியில அஞ்சு நிமிஷம், பளிச்சுன்னு இருந்த பச்சை மங்கினதும் எடுத்துடணும், வெடிச்சுட்டா சாறெல்லாம் தண்ணிக்குப் போயிடும். புகை வாசனை இருக்காது, ஆனா ருசி சாந்தமா இருக்கும். சமைக்காம பச்சையாவும் அடிக்கலாம், அவகாடோ ஒண்ணு சேர்த்து பச்சை டொமாட்டிலோ, கொத்தமல்லி, மிளகாய், உப்பு, அவ்ளோதான், அந்தப் புளிப்புல அவகாடோ சீக்கிரம் கறுக்காது. எனக்கு தனிப்பட்ட முறையில இதான் பிடிக்கும், பச்சைச்சால்சா என்ன திட்டுவாங்க.

பச்சைச்சால்சா:

திட்ட மாட்டேன், அதுக்கும் ஒரு நாள் உண்டு. ஆனா சால்சாவோட நிறுத்திக்காதீங்க. அடிச்ச சால்சாவ சூடான எண்ணெயில கொட்டி, சொய்ங்னு சத்தம் வரணும், ஒரு ஏழெட்டு நிமிஷம் கிளறி கொஞ்சம் சூப் தண்ணி விட்டா அது ஒரு முழு குழம்பு. அதுல சோளத் தொர்த்தியாவ, அதாவது அவங்க ஊரு சோள ரொட்டிய, முக்கி உள்ள கோழி வச்சு சுருட்டினா என்சிலாதாஸ் வெர்தேஸ். தொர்த்தியாவ துண்டா வெட்டி பொரிச்சு அதே குழம்புல ரெண்டு நிமிஷம் போட்டா சிலாகிலேஸ், மேல ஒரு முட்டை. வறுத்த பூசணி விதைய அரைச்சு சேர்த்தா பிப்பியான் வெர்தே, என்னக் கேட்டா டொமாட்டிலோவுக்கு அதவிட நல்ல கதி கிடையாது, அந்தப் புளிப்ப பூசணி விதையோட எண்ணெய்ப் பசை அப்படியே தழுவிக்கும். பன்றிக்கறிய மெதுவா இதுல வேக வைப்பாங்க, புளிப்புக்கு கொழுப்பு நல்ல ஜோடி. மிஞ்சிப் போச்சுன்னா ஜாம், தனியா பெக்டின் வாங்கவே வேண்டாம்.

பாட்டில்ல அடைச்சு மாசக்கணக்குல வெளிய வைக்க நினைச்சா மட்டும் ஜாக்கிரதை. காய் புளிப்புதான் ஆனா வெங்காயம் மிளகாய் சேர்ந்தா புளிப்பு இறங்கிடும், சோதிச்சு வெளியிட்ட செய்முறைல சொன்ன அளவு எலுமிச்சைச் சாறு சேர்க்காம அடைக்காதீங்க. ஃப்ரீசர் இருக்கும்போது எதுக்கு வம்பு.

சும்மாவந்தேன்:

படிச்சுப் படிச்சு எனக்கும் ஆசை வந்துடுச்சு. ஊதா கலர்ல ஒண்ணு பாத்தேனே அதுவும் இதானா? அப்புறம் இலைய சமைக்கலாமா, கீரை மாதிரி?

வேர்க்கால்:

இலை, தண்டு ரெண்டும் வேண்டவே வேண்டாம், அதுல விஷச் சத்து இருக்கு. உறையையும் உரிச்சுத் தூக்கிப் போடுங்க. ஊதாவும் இதே டொமாட்டிலோதான், பச்சைய விட கொஞ்சம் இனிப்பு. கூடு கிழிஞ்சு வெயில் படுற பக்கம்தான் ஊதா நல்லா ஏறும், மூடியே இருந்த பக்கம் பச்சையா நிக்கும், அதனால ரெண்டு கலர்ல காய் வந்தா பயப்படாதீங்க. பச்சை ஒண்ணு ஊதா ஒண்ணுன்னு வச்சா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஜோடியாவும் ஆகும். வைக்கும்போது மூணடி இடைவெளி விட்டு ஒரு கூண்டு போட்டுடுங்க, பின்னாடி போட முடியாது, கிளை பட்டு பட்டுனு ஒடியும். ஒடிஞ்சா என்ன பண்ணக் கூடாதுன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

இலைக்கு அடியில வாரம் ஒரு தடவ பாருங்க. வட அமெரிக்காவுல மூணு கோடு போட்ட ஒரு வண்டு இதத் தேடி வரும், அதோட புழு தன் கழிவையே முதுகு மேல அப்பிகிட்டு உக்காந்திருக்கும், பறவை தொடாதாம். நமக்கும் தொட மனசு வராது. முட்டையா மஞ்சளா கொத்தா இருக்கும்போதே நசுக்கிடறது நல்லது.

புதுமண்:

ரெண்டாவது தடவ பண்ணிட்டேன். வெதுவெதுப்பான தண்ணில கழுவி, முழுசா வாட்டி, பூண்டு தோலோட, வெங்காயம் தனியா. ராத்திரி பதினோரு மணிக்கு நின்னுகிட்டே அரை கிண்ணம் காலி பண்ணினேன். பழைய சேறையும் தூக்கிப் போடல, தண்ணி விட்டு இளக்கி எண்ணெயில தாளிச்சு முட்டைய உடைச்சு ஊத்தினேன், அந்தக் கசப்பு எங்க போச்சுன்னே தெரியல.

கடைசியா ஒண்ணு, அடுத்த வருஷத்துக்கு விதை எடுக்க முடியுமா?

தேனீவழி:

முடியும், ரொம்ப சுலபம். காய பறிக்காம கூட்டோட மஞ்சளாகி தானா விழுற வரைக்கும் விடுங்க. அப்புறம் தண்ணி விட்டு மிக்ஸியில லேசா ஒரு சுத்து, சதை மிதக்கும், நல்ல விதை அடியில தங்கும், மேல இருக்கறத ரெண்டு மூணு தடவ ஊத்திட்டு காய வச்சுடுங்க. தக்காளி மாதிரி புளிக்க வைக்க வேண்டியதில்ல. ஒரே செடியிலேந்து எடுக்காம நாலு செடியிலயும் (நகல் கணக்குல வராது) கலந்து எடுங்க. பக்கத்துல வேற ரகம் இருந்தா தேனீ கலந்து விட்டிருக்கும், அடுத்த வருஷம் என்ன வரும்னு சொல்ல முடியாது.

நிஜத்த சொன்னா நீங்க விதையே எடுக்கலன்னாலும் பரவால்ல. கீழ விழுந்து கவனிக்காம விட்ட ரெண்டு காய் போதும், அடுத்த சீசன்ல அந்த இடமே நாத்தங்காலா இருக்கும், களை மாதிரி புடுங்கி எறிஞ்சு கை ஓஞ்சு போயிடும்.

புதுமண்:

அப்ப வேலை மிச்சம். ஆனாலும் மூணு காய விட்டு வச்சிருக்கேன், பழைய செடியில ஒண்ணு, புதுசுல ரெண்டு. கூட்டுல நூல் கட்டி அடையாளம் வச்சாச்சு, வீட்ல யாரும் சால்சாவுக்குப் பறிச்சிடக் கூடாதுல்ல.